ஏழு நாள் தண்ணீர்

தர்ஷனா முதன்முதலில் எங்கள் லயத்துக்கு வந்தபோது கையில் ஒரு தகர டப்பா இருந்தது. ஏதோ விற்க வந்த பிள்ளை என்று நினைத்து, "ஒண்ணும் வேணாம், போ" என்றேன்.

"விக்க வரல மாமா. வச்சிட்டுப் போக வந்தேன்" என்றாள்.

அது மழைமானி. மேலே புனல், உள்ளே டப்பா, கூடவே இருபத்தைந்து மில்லிமீட்டர் வரை கோடு போட்ட ஒரு கண்ணாடிக் கிளாஸ். மரமும் கூரையும் மறைக்காத இடம் தேடி, கண்டியில் எங்கள் மஹய்யாவ முழுக்க அலைந்திருக்கிறாள். மேட்டின் விளிம்பில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் என் முற்றம்தான் அவளுக்குப் பிடித்தது. எங்கள் லயத்தில் ஒரே வரிசையாக ஒட்டிய பதினான்கு வீடு. வீடுகளுக்குப் பின்னால் செங்குத்தாக மண்மேடு. அதை நாங்கள் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்து என்ன செய்வது?

அவள் திகனைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை. தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அந்தத் தோட்டத்தில் கெம்பஸ் போன முதல் ஆள் இவள்தான். பட்டம் வாங்கிய பிறகும் விடாமல் புவியியலில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வேலைக்கு இது போதாதா என்று கேட்டேன்.

"எனக்கு ஏழு வயசுல எங்க லயத்துக்குப் பின்னால மண்ணு வந்துச்சு மாமா. பக்கத்து வீட்டுக் காம்பராவுல ரெண்டு பேரு புதைஞ்சு போனாங்க. எவ்வளவு மழை பெஞ்சா மண்ணு வரும்னு அன்னைக்கு ஒருத்தருக்கும் தெரியல. அதத்தான் படிக்கிறேன்."

மழைமானி வைக்க முற்றத்தில் நானே குழி தோண்டிக் கொடுத்தேன்.

தினமும் காலை எட்டரைக்கு டப்பாவிலுள்ள தண்ணீரைக் கிளாஸில் ஊற்றி அளக்க வேண்டும், கொப்பியில் எழுத வேண்டும், தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் முனிசிபாலிட்டியில் ரோட்டோரச் சாக்கடைக் கான் துப்புரவு செய்கிறவன். நாலாம் வகுப்பு. இலக்கம் எழுதத் தெரியும். அவள் மாதம் ஒருமுறை, தான் தங்கியிருந்த கட்டுகஸ்தோட்டைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருவாள். சப்பாத்துக்கு மேல் பொலித்தீன் பையைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறி, தான் அடித்து வைத்த சிவப்பு ஆப்புகளுக்கு நடுவே டேப் பிடித்து அளப்பாள். மண் நகர்ந்தால் ஆப்பும் நகரும். நிச்சயமான அளவைப் பேனையால் எழுதுவாள். சந்தேகமானதைப் பென்சிலால் எழுதுவாள். லயத்தில் எல்லோரும் அவளை 'மழை மிஸ்' என்றார்கள்.

பக்கத்து வீட்டுச் செல்லச்சாமிக்கு நான் கொப்பி எழுதுவது பெரிய வேடிக்கை. "என்னய்யா யோகராஜ், வானத்துக்கு செக்ரோல் போடுறியா? இன்னைக்கு வேலைக்கு வந்துச்சா?" என்பான்.

அந்தச் செக்ரோல்தான் வினையாகப் போனது.

போன வருஷம் ஆகஸ்டில் பெரஹர ஊர்வலம். பத்து நாளும் எங்களுக்கு லீவு கிடையாது. யானைகள் போன பிறகு ரோட்டை அள்ளிக் கழுவ வேண்டும். என் மனைவி புஷ்பமும் முனிசிபாலிட்டியில் கூட்டுகிறவள்தான். கடைசி ஏழு நாள் இரண்டு பேரும் வீட்டுக்கே வராமல் டவுனிலேயே சாக்கை விரித்துப் படுத்தோம். எல்லாம் முடிந்து வந்து பார்த்தால் மழைமானியில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. ஊற்றி அளந்தேன். நாலு கிளாஸ் முழுசாக, அதற்கு மேல் பன்னிரண்டு. மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு.

கொப்பியில் ஏழு கட்டம் வெறுமையாக இருந்தது. எங்கள் வேலையில், ஆள் வரவு குறிக்கும் செக்ரோலில் வெறும் கட்டம் இருந்தால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். முப்பது வருஷப் பழக்கம், வெறும் கட்டத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. ஆறு நாளுக்குச் சைபர் போட்டேன். ஏழாம் நாளுக்கு நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதினேன். தண்ணீரில் நான் பொய் சொல்லவில்லை, இருந்த தண்ணீரைத்தான் எழுதினேன் என்று அன்று நினைத்தேன்.

இந்த வருஷம் செப்டெம்பரில் தர்ஷனா ஒரு பலகையோடு வந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. பலகையில் ஒன்றிலிருந்து நூற்றைம்பது வரை எழுதி, நூறில் தடிப்பாகச் சிவப்புக் கோடு போட்டிருந்தாள். குழாய்க்குப் பக்கத்தில் அதை ஆணி அடித்து மாட்டினோம். தினமும் மழை அளவை நான் அதில் சோக்கால் குறிக்க வேண்டும். ஒரே நாளில் நூறைத் தொட்டால் பதினான்கு வீடும் காலி செய்து கீழே கோயில் மண்டபத்துக்குப் போக வேண்டும்.

"நூறுன்னு எப்படிப் புள்ள கண்டுபிடிச்ச?" என்று புஷ்பம் கேட்டாள்.

"போன வருஷம் ஆகஸ்ட்ல ஒரே நாள்ல நூத்திப் பன்னெண்டு பெஞ்சிருக்கு மாமி. ஒரு ஆப்புகூட அசையல. அதனால அது வரைக்கும் இந்த மண்ணு தாங்கும். ஆனா எங்க கெம்பஸ் சேர் நம்பல. அன்னைக்கு டவுன்ல வெறும் பதினாலுதான், உங்க ஆளு பிழையா எழுதிட்டாருன்னாங்க. நான் விடல. மலையில ஒரு பக்கம் பெய்யும், ஒரு பக்கம் காயும், யோகராஜ் மாமா ஒரு நாளும் பிழை விட மாட்டாருன்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிடு என்று மனசு அடித்தது. அவள் நீட்டிய சோக்குக் கட்டியை வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் அவளுக்குப் பெரிய பரீட்சை. ஐந்தாறு பேர் கதிரை போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்பார்களாம். இப்போது சொன்னால் பிள்ளையின் படிப்பு போகும். சொல்லாவிட்டால்?

அந்தச் சொல்லாவிட்டால் என்பதோடுதான் இரண்டு மாதம் கிடந்தேன். கூரையில் நாலு துளி விழுந்தால் வாசலுக்கு ஓடினேன். மேட்டை நிமிர்ந்தே பார்க்காதவன், பல் விளக்கும்போதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுடைய பரீட்சை ஏதோ காரணத்தால் தள்ளிப்போனது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அப்போதும் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு அறுபத்து மூன்று. தர்ஷனாவுக்கு ஃபோனில் சொன்னேன்.

"நூறுக்கு இன்னும் முப்பத்தேழு இருக்கு மாமா. கொட்டாதீங்க, திரும்ப டப்பாவுலயே ஊத்தி அளந்துகிட்டே இருங்க" என்றாள்.

பதினொரு மணிக்கு எழுபத்தொன்று. குடத்தோடு வந்தவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு, "இன்னும் நூறு வரலதானே" என்று நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். சோக்குக் கட்டி என் கையில் கரைந்தது.

ஒரு மணிக்கு அளந்தபோது புஷ்பம் எனக்குக் குடை பிடித்தாள். எழுபத்தொன்பது.

"இங்க பாருங்க, பின்கதவு மூட மாட்டேங்குது. காலையில மூடினேன், நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். கதவு நிலை ஒரு விரல் சாய்ந்திருந்தது. பின்சுவர் அடியில் ஊறிய தண்ணீர் சிவப்பாக வந்தது. அதுவரை தெளிந்த தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது.

ஃபோனை எடுத்தேன். இரண்டு தரம் பிழையாக அமுக்கினேன்.

"புள்ள, அந்த நூத்திப் பன்னெண்டு ஒரு நாள் மழை இல்ல. பெரஹரக்குப் போயிட்டு வந்து மொத்தமா அளந்தது."

அந்தப் பக்கம் கொப்பி புரட்டும் சத்தம் கேட்டது.

"எத்தன நாள் மாமா?"

"ஏழு."

அவள் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் வந்தது. "பலகையைக் கழட்டிருங்க. ஆட்கள இறக்குங்க. இப்பவே. என்கிட்ட பேசிக்கிட்டு நிக்காதீங்க."

சுத்தியல் எடுக்க நேரமில்லை. பலகையைக் கையால் பிய்த்துக் கானில் எறிந்துவிட்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். செல்லச்சாமி மட்டும் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"யானைக்குப் பின்னால அள்ளுற ஆளு, இப்ப மலைக்கு முன்னால நின்னு கத்துறான். எழுபத்தொன்பதுதான்யா. மிஸ் படிச்சவங்க. அவங்க நூறுன்னு போட்டிருக்காங்க."

"அது மிஸ் போட்ட நூறு இல்ல. நான் போட்டது."

"என்ன உளர்ற?"

"ஏழு நாள் தண்ணிய ஒரு நாள்னு எழுதிட்டேன். அத நம்பித்தான் அந்தப் புள்ள கோடு போட்டுச்சு. இந்த மண்ணு எத்தனைக்குத் தாங்கும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. உங்கம்மாவத் தூக்கு."

லயமே கேட்டுக்கொண்டு நின்றது. செல்லச்சாமி என் முகத்தையே பார்த்தான். காறித் துப்பினான். பிறகு உள்ளே போய்த் தாயை முதுகில் தூக்கிக்கொண்டு வந்தான்.

கோயில் மண்டபத்தில் ஆட்களை எண்ணினோம். ஐம்பத்தெட்டு. திரும்பவும் எண்ணினேன். மூன்றாம் தரம் எண்ணும்போது மேலே லொறியிலிருந்து கருங்கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். நீளமான சத்தம். ஒரு குழந்தைகூட அழவில்லை. இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

கடைசி மூன்று வீடும், குழாயும், என் முற்றமும் போய்விட்டன. மூன்றில் ஒன்று செல்லச்சாமியுடையது, ஒன்று என்னுடையது. மழைமானியும் அதோடு போனது. ஆட்களுக்கு ஒன்றுமில்லை. செல்லச்சாமி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவன் தாய் மட்டும் என்னைக் கண்டால் தலையசைப்பாள்.

பத்து நாள் கழித்து, மழை விட்ட பிறகு தர்ஷனா வந்தாள். மெலிந்திருந்தாள். சேரிடம் எல்லாவற்றையும் சொல்லி, பரீட்சைக்கு எழுதிக் கொடுத்த ஆய்வைத் திருப்பி வாங்கிவிட்டாளாம். இன்னும் ஒரு வருஷம் படிக்க வேண்டும். என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்து புதுக் கொப்பி ஒன்றைத் திறந்தாள். மண் வந்த நாளை எழுதினாள், மண் வந்த நேரத்தை எழுதினாள். எல்லாம் பேனையால்.

"கடைசியா அளந்தது எத்தன மாமா?"

"எழுபத்தொன்பது. ஒரு மணிக்கு."

"நீங்களே பாத்ததா?"

"நான்தான் பாத்தேன். புஷ்பம் குடை பிடிச்சா."

அவள் பேனையை மூடிப் பையில் வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்து எழுபத்தொன்பது என்று எழுதினாள்.