ஊசி போகாத இடம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் நடந்தது. அம்சவேணி கதை கட்டுகிறவள் அல்ல. சந்தையில் ஒரு படி சாமைக்குப் பேரம் பேசக்கூட வாய் வராதவள். அன்றைக்குப் பிறகு சாகும்வரை அவள் தையல் மிஷின் முன்னால் உட்காரவே இல்லை.

1936, மார்கழி. கொல்லிமலைச் செம்மேடு. மூன்று நாளாக மூடுபனி விலகவில்லை. தூளியில் நான்கு மாதக் குழந்தை பாப்பாத்தி இருமி இருமிச் சோர்ந்து கிடந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் இதே குளிரில்தான் தலைப்பிள்ளை அருணாசலம் போனான். ஏழு மாதப் பிள்ளை. இவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் அம்சவேணியை அரித்துக்கொண்டே இருந்தது. இருட்டுவதற்குள் பஞ்சுப் போர்வையைத் தைத்து முடித்தாக வேண்டும்.

பஞ்சு வீட்டிலேயே இருந்தது. ஓடைக்கு அப்பால் தனியாக நிற்கும் இலவமரத்தில், பங்குனியில் காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. மலைக்காரர்கள் யாரும் தொடவில்லை. அம்சவேணி அடிவாரத்துக் காரவள்ளிக்காரி. சும்மா கிடைக்கிற பஞ்சை விடுவாளா? ஒரு மூட்டை அள்ளிவந்து பரணில் போட்டுவைத்தாள். அவள் மூட்டையோடு வருவதைப் பக்கத்து வீட்டுக் கண்ணாயி பார்த்தாள். அன்றிலிருந்து கண்ணாயி இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

கணவன் சின்னுசாமி மிளகுப் பொதியோடு விடியற்காலையிலேயே காரவள்ளிக்கு இறங்கியிருந்தான். மதியம் இரண்டரைக்கு அம்சவேணி மிஷினில் உட்கார்ந்தாள்.

இரண்டு பழஞ்சேலைகளுக்கு நடுவே பஞ்சை நிரவியிருந்தாள். அது ஒரு பக்கமாக ஒதுங்காமலிருக்கப் போர்வை முழுக்கத் தையல் ஓட வேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. துணியை அழுத்திப் பிடிக்கும் காலைக் கழற்றிவிடுவாள். அடியிலிருந்து துணியை நகர்த்தும் பற்களை, ஊசிக்கு மட்டும் ஓட்டை விட்டுத் தகரத்தால் மூடிக் கட்டிவிடுவாள். அதன்பிறகு மிஷின் தானாகத் துணியை இம்மியும் நகர்த்தாது. மிதித்துக்கொண்டே இரண்டு கையாலும் நகர்த்தினால், கை போன பக்கமெல்லாம் கொடி கொடியாகத் தையல் ஓடும். பேனா நின்ற இடத்தில் நிற்க, தாளை நகர்த்தி எழுதுகிற மாதிரி.

சிவப்பு நூல். டக டக டக...

மூன்று மணிக்கு அடிநூல் தீர்ந்தது. பாபினில் புதிதாக நிறையச் சுற்றிப் போட்டாள். மூன்று பத்துக்குப் போர்வையின் நடுப்பகுதிக்கு வந்தாள்.

கொடி வளைந்து திரும்பிவிட்டது.

அவள் திருப்பவில்லை. மறுபடி நடுவே கொண்டுபோனாள். மறுபடி விலகியது. கை மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தாள். நெருப்பில் காட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை, சேலைத் தலைப்பைப் பிடித்துப் பிள்ளை இழுக்குமே, அந்த மாதிரி யாரோ எதிர்ப்பக்கமிருந்து துணியை இழுத்தார்கள்.

தகரத்தைத் தொட்டுப் பார்த்தாள். இறுகக் கட்டியது கட்டியபடி இருந்தது.

நான்கு மணி. தூளியில் இருமல் நின்றது. எட்டிப் பார்த்தாள். பாப்பாத்தி மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரித்தாள்.

"என்ன கண்ணு... யாரப் பாக்கற?"

அம்சவேணி மிதியிலிருந்து காலை எடுத்தாள். மிஷின் நின்றது.

துணி நிற்கவில்லை.

மெல்ல... மெல்ல... அவள் மடியை நோக்கி நகர்ந்து வந்தது.

நூலை அறுத்து, போர்வையை உருவித் தரையில் வீசினாள். அது விரிந்து விழுந்தது. நாலாபக்கமும் சிவப்புக் கொடி. நடுவில் மட்டும் ஊசி படாத இடம். பஞ்சு அங்கே புடைத்து நின்றது.

ஒரு தலை.

முதுகு.

நீட்டிய ஒரு கால்.

இன்னொரு கால் வயிற்றுக்கடியில் மடங்கி...

குப்புறப் படுத்து ஒற்றைக் காலை மடக்கிக்கொண்டு தூங்குகிற பிள்ளையை அவளுக்குத் தெரியும். ஏழு மாதம் பக்கத்தில் போட்டுத் தூங்கவைத்தவள் அவள்தான்.

அந்தப் புடைப்பு ஏறியது... இறங்கியது...

ஐந்தே முக்காலுக்குச் சின்னுசாமி வந்தபோது, அவள் பாப்பாத்தியை மார்போடு இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவன் போர்வையைப் பார்த்தான். தலைச்சுமையை இறக்கக்கூட மறந்து நின்றான்.

"பஞ்சு ஏது?"

"ஓடைக்கு அந்தப்பக்கம்... ஒத்தை இலவமரத்துலங்க."

சின்னுசாமி சுமையை இறக்கிவைத்தான்.

"அங்கதான் அம்மிணி... நானும் என் கூட்டாளி காத்தானும் நம்ம பையனப் பொதச்சோம். பல்லு மொளைக்காத கொழந்தைகளையெல்லாம் இந்த மலையில அந்த மரத்தடியிலதான் வெப்பாங்க. எந்த எடம்னு பெத்தவகிட்டச் சொல்லக் கூடாதும்பாங்க. அதான் சொல்லல."

அவள் அழவில்லை. போர்வையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவனுக்கும் குளுருதாட்ட இருக்குதுங்க... கொண்டுபோய்ப் போத்திட்டு வந்திருங்க."

வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே அவன் காத்தானைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தடியில் விரித்துவிட்டு வந்தான். அம்சவேணி மிஷினின் சக்கரத்தையும் மிதியையும் சேர்த்துக் கயிற்றால் கட்டினாள். பாப்பாத்தியைக் கணவனின் கம்பளிக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அன்று இரவு இருவரும் கண் மூடவில்லை. வீட்டில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

காலையில் குழந்தைக்கு இருமல் குறைந்திருந்தது. சின்னுசாமி காத்தானோடு மரத்தடிக்குப் போய்ப் பார்த்தான். போர்வை போட்ட இடத்திலேயே கிடந்தது. நடுவில் புடைப்பு இல்லை. அந்த இடம் முழுக்க, நெருக்கமாக, சிவப்புக் கொடி ஓடியிருந்தது. காத்தானும் தொட்டுப் பார்த்தான்.

சின்னுசாமி வீட்டுக்கு ஓடிவந்தான். மிஷினில் கட்டிய கயிற்றின் முடிச்சு அப்படியே இருந்தது. அடித்தகட்டை நகர்த்தி, முந்தின நாள் அவள் நிறையச் சுற்றிப் போட்ட பாபினை எடுத்தான்.

அதில் ஒரு இழை நூல்கூட இல்லை.