தந்தி வராத வரைக்கும்

எங்கள் ஊர்த் தபால் கந்தோரில் தந்திப் படிவத்தோடு நின்றபோதுதான் அந்த யோசனை முதலில் மின்னியது. கொழும்பில் வாடகை அறையொன்றில் தனியாக இருந்த பெரியப்பாவுக்கு வருத்தம் கடுமை என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். அவர் கலியாணம் கட்டாதவர். அவருக்குக் கொள்ளி வைக்க உரித்தானவர், தம்பியான என் அப்பாதான்.

தபால் அதிபர் படிவத்தைத் திருப்பித் தந்தார். "லைன் செத்துக் கனநாள், தம்பி. புறா இருந்தால் பிடிச்சுக்கொண்டு வாரும், அனுப்புவம்."

"லைன் போகாட்டி என்ன ஐயா, சனம் போகுதுதானே?"

அன்றே, சண்டையால் தரைப்பாதை அடைபட்டிருக்க, ஓய்வூதிய அலுவலாகக் கிளாலியில் படகேறி வவுனியாவுக்குப் போகவிருந்த அயல்வீட்டு மாஸ்டரிடம் படிவத்தைக் கொடுத்தேன். அங்கே தந்தி வேலை செய்தது. பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று காத்திருந்த எனக்கு, ஊர் முழுவதற்கும் இப்படியே தந்தி அனுப்பலாம் என்ற கனவு வேறு.

பதில் வரவில்லை. அப்பா கலங்கவில்லை.

"தந்தி வரேல்லையெண்டால் அண்ணை இருக்கிறார் எண்டுதான் அர்த்தம்."

தந்தியென்றாலே சாவுச் செய்தியென்று, காக்கிச் சட்டைத் தபால் சேவகர் ஒழுங்கைக்குள் திரும்பினாலே பெண்கள் குழறத் தொடங்கிய காலத்து நம்பிக்கை அது. கம்பிகள் அறுந்த பின்னும் அது அறவில்லை. பிள்ளையார் கோயிலில் எங்கள் வீட்டு உபயத் திருவிழாவை அப்பா சால்வை கட்டி முன்னுக்கு நின்று, ஒரு குறையுமில்லாமல் செய்தார்.

கொடியிறக்கி ஒரு கிழமையில் சேவகர் வந்தார். "கப்பலிலை வந்த தபால் சாக்குக்கை கிடந்ததாம், ஐயா" என்று படலையில் நின்றபடி தந்தியை நீட்டினார்.

"அண்ணர் காலமானார். தகனம் நாளை."

திகதியைப் பார்த்தால், அந்த நாளை கொடியேற்றத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. அழுவதா, சாத்துடக்கோடு, அந்தத் தீட்டோடு கோயிலுக்குள் போனதற்குப் பயப்படுவதா என்று தெரியாமல் நின்றோம். கோயில் ஐயர் வந்து, "அறியாமல் செய்தது, பிராயச்சித்தம் இருக்குது" என்றார். அப்பாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ஆர் கொள்ளி வைச்சது?" என்று என்னைக் கேட்டார்.

நான் அனுப்பிய தந்தி போய்ச் சேர்ந்தபோது அந்த அறையில் அதை வாங்க ஆள் இருந்திருக்காது.

"நான் வவுனியாவுக்குப் போறன். அறை வீட்டுக்காரருக்குத் தந்தி அடிச்சுப்போட்டுப் பதில் வருமட்டும் கந்தோர் வாசலிலையே நிக்கிறன்."

"உன்ரை வயசுப் பொடியளுக்கு வெளியிலை போக இயக்கம் எங்கையடா பாஸ் தரும்?" என்றார் அம்மா.

நான் சைக்கிளுக்குக் காற்றடிக்க, அப்பா வந்து பின்சில்லைப் பிடித்துக்கொண்டார். விடிந்ததும் பாஸ் வரிசையில் நிற்பேன். தராவிட்டால் மறுநாளும் நிற்பேன்.