நீலக் கட்டம் போட்ட சட்டை

அடுத்தவருக்கு ஒரு பொருளைக் கொடுப்பதென்றால் எங்கள் வீட்டில் அதற்குச் சட்டதிட்டமெல்லாம் உண்டு. போட்டவர் என் வீட்டுக்காரர். மற்றபடி எதற்கும் வாய் திறக்காத மனுஷன். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விடுவார். வாயெல்லாம் எனக்குத்தான். மந்தைவெளி மார்க்கெட்டில் நான் வருவதைப் பார்த்தாலே காய்க்காரர் அழுகின தக்காளியை ஓரமாகத் தள்ளிவிடுவார். ஆனால் கொடுக்கிற விஷயத்தில் மட்டும் இவருக்கு எங்கிருந்தோ ஒரு பிடிவாதம் வந்துவிடும். என் வாய் அங்கே செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பிலிருந்து நாலைந்து குடும்பம் சேர்ந்து அடையாறுக்கு இட்லிப் பொட்டலம் கொண்டுபோவோம். அங்கே புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வெளியே, வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுக்க வழியில்லாதவர்கள் நடைபாதையிலேயே பாயை விரித்துக் காத்திருப்பார்கள். என் மகளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளையும் கூட்டிக்கொண்டுதான் போவார். சின்னக் குழந்தையை அங்கேயெல்லாம் எதற்கு இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று ஆரம்பத்தில் சண்டை போட்டேன்.

"இதெல்லாம் உக்கார வெச்சு சொல்லிக் குடுத்தா வராது. கூட வந்து செஞ்சாத்தான் வரும்" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

ரெண்டு கையாலும் கொடுக்கணும். என்ன வியாதி என்று கேட்கக் கூடாது. போட்டோ எடுக்கவே கூடாது. ஒரு முறை எங்கள் அசோசியேஷன்காரர் ஒருவர், குரூப்பில் போடுவதற்காக, ஒரு பெரியவர் கையில் பொட்டலத்தைக் கொடுத்தும் கொடுக்காமலும் பிடித்தபடி, "இங்க பாருங்க ஐயா" என்று நிறுத்தி வைத்திருந்தார். என் வீட்டுக்காரர் போய் போனை மெதுவாகக் கையால் மறைத்து, "அவர் சாப்பிடட்டும் சார், பசியோட இருக்காரு" என்றார். அந்த சார் எங்களோடு ஒரு மாதம் பேசவில்லை. போனால் போகட்டும்!

துணி விஷயத்தில்தான் இன்னும் கெடுபிடி. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெருமழையில் வேளச்சேரியில் வெள்ளம் வந்தபோது இருவரும் உதவிக்குப் போனோம். ரோட்டோரத்தில் மலைமாதிரி துணி கிடந்தது. எல்லாம் ஜனங்கள் 'தானம்' பண்ணியது. கிழிந்த நைட்டி, ஜிப் போன பேன்ட், ஜோடியில்லாத சாக்ஸ். அந்தத் துணியைச் சேற்றில் போட்டு அதன்மேல் மிதித்துத்தான் எல்லோரும் ரோட்டைக் கடந்தார்கள். இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இனிமே நம்ம வீட்லேர்ந்து துணி போச்சுன்னா தொவைச்சு, பட்டன் தைச்சு, இஸ்திரி போட்டுத்தான் போகணும். வாங்கறவங்க அப்படியே எடுத்து மாட்டிக்கணும்."

அதிலிருந்து அப்பாவும் மகளும் அதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டார்கள். இவர் இஸ்திரி போடுவார், அவள் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு பட்டன் தைப்பாள். "முதல்ல காலரைத்தான் பார்ப்பாங்க. காலர்ல அழுக்கு இருந்தா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் சமையலறையிலிருந்து, "இந்த அக்கறையை உங்க சட்டைக் காலர்ல காட்டுங்க, தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் போகுது" என்று கத்துவேன். இருவரும் சிரிப்பார்கள்.

போன வருஷம் அவர் போய்விட்டார். மாரடைப்பு. காலையில் குளிக்கப் போனவர் குளித்துவிட்டு வரவில்லை. முந்தின நாள் ஆபீஸ் விட்டு வந்து கழற்றி மாட்டிய சட்டை கதவுக்குப் பின்னால் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை.

காரியமெல்லாம் முடிந்ததும் பெரியவர்கள் அவர் துணிமணியை மூட்டை கட்டினார்கள். போனவர்களுடைய துணி வீட்டில் இருக்கக் கூடாதாம். எங்கே கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், நான் கேட்கவில்லை. அந்த ஒரு சட்டையை மட்டும் அதற்கு முன்பே உருவி, தி.நகர் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவருக்குள் சுருட்டி வைத்து, வாயை இறுக்கிக் கட்டி, பீரோவில் என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தச் சட்டையில் அவர் வாசனை இருந்தது. வேர்வை, பவுடர், பஸ் புழுதி எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. மகள் டியூஷன் போயிருக்கும் நேரத்தில், தாங்க முடியாத அன்றைக்கு மட்டும், கவரைத் திறந்து முகத்தை வைத்துவிட்டு உடனே கட்டிவிடுவேன். ரொம்ப நேரம் திறந்து வைத்தால் தீர்ந்துபோய்விடுமோ என்று கஞ்சத்தனம். அதனால்தான் மகளிடமும் சொல்லவில்லை. அவளுக்கும் பங்கு கொடுத்தால் சீக்கிரம் தீர்ந்துவிடுமே. பெற்ற பெண்ணிடம் கணக்குப் பார்த்தேன், என்ன செய்வது, இருந்தது அவ்வளவுதான்.

அவர் போனபிறகு அடையாறுக்குப் போவதை நான் நிறுத்திவிட்டேன். அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்று யாருக்கும் சிரித்த முகத்தைக் காட்ட எனக்குத் தெம்பில்லை. மகள் மட்டும் கீழ் வீட்டு அக்காவோடு ஒரு வாரம்கூட விடாமல் போய்க்கொண்டிருந்தாள்.

இந்த வருஷ மழையிலும் வேளச்சேரியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஏரிக்கரைப் பக்கம் இருந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். எங்கள் குடியிருப்பில் துணி சேர்க்கிற பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டிருந்தார்கள். அன்று காலை நான் வேலை பார்க்கிற தி.நகர் பேங்கில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஏகப்பட்ட கூட்டம். அந்த நேரம் பார்த்து மகள் போன் பண்ணினாள்.

"அம்மா, எல்லாரும் புடவையும் சுடிதாருமாவே குடுத்திருக்காங்க. ஆம்பளைங்க துணிதான் இல்லையாம்."

"அதுக்கு நான் எங்கடி போவேன்? பீரோவைத் திறந்து பாரு. எதுவா இருந்தாலும் நல்லதாப் பார்த்துக் குடு. வை, எனக்கு வேலை இருக்கு."

அவ்வளவுதான் பேசினேன். பீரோவில் என்ன இருக்கிறது என்பது அந்த நிமிஷம் எனக்கே ஞாபகம் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் மழை வலுத்ததால் பேங்கில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் ஆள் இல்லை. ஹாலில் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே தரை ஈரம். இந்தப் பெண்ணுக்குப் பொறுப்பே கிடையாது என்று முணுமுணுத்துக்கொண்டே ஃபேனை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். பீரோ திறந்திருந்தது. கட்டில்மேல் அந்த ஜவுளிக்கடைக் கவர், அழகாக நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கீழ் வீட்டு அக்காவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. துணி மூட்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு அவர்கள் காரில் பிள்ளைகளும் வேளச்சேரிக்குப் போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். குடையை எடுத்தேனோ இல்லையோ, ஓட்டமும் நடையுமாக மந்தைவெளி ஸ்டேஷனுக்குப் போய் ரயிலைப் பிடித்தேன். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். யார் உடம்பிலும் ஏறுவதற்குள் அது என் கைக்கு வந்துவிட வேண்டும், கடவுளே. வேறு யார் வேர்வையும் அதில் பட்டுவிடக் கூடாது.

பள்ளிக்கூட வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனேன். என்னைப் பார்த்ததும் கீழ் வீட்டு அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை வந்தே. உன் பொண்ணு ஒரு மாதிரி உக்காந்திருக்கா. யார்கிட்டயும் பேச மாட்டேங்கறா."

நடந்ததை அவர்தான் சொன்னார். ஒரு ஆள், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, வெறும் லுங்கியும் ஈரத் துண்டுமாக உட்கார்ந்திருந்திருக்கிறார். என் மகள் அந்தச் சட்டையை ரெண்டு கையாலும் நீட்டியிருக்கிறாள். தோளில் வைத்துப் பார்த்தால் அளவெடுத்துத் தைத்தமாதிரி இருந்ததாம். இவளுக்கு ஒரே சந்தோஷம். "எங்க அப்பாவோடது அங்கிள்" என்றிருக்கிறாள். பக்கத்திலிருந்த அவர் சம்சாரம் சும்மா, "அப்பா இன்னா வேலை பண்றாரு கண்ணு?" என்று கேட்க, இவள், "அப்பா போன வருஷம் இறந்துட்டாரு ஆன்ட்டி" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண்பிள்ளை சட்டையைப் புருஷன் தோளிலிருந்து எடுத்து, இவள் மடியில் திருப்பி வைத்துவிட்டாள்.

எங்கள் பெரியவர்கள் மூட்டையாகக் கொடுத்தபோது யாருடைய துணி என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், இவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். என் மகள் சொல்லிவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அப்பாடா, சட்டை போகவில்லை! மாடிப்படியில் அது என் மகள் மடியில் இருப்பதைப் பார்த்ததும் உயிர் வந்தது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பாவோடது யாருக்கும் வேணாமாம்மா" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் துடைத்துவிட்டேன்.

"நான் பொய் சொல்லியிருக்கணுமா?"

இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவளுடைய அப்பாதான் பதில் வைத்திருப்பார். எனக்குத் தெரிந்தது சண்டை போடத்தான். விறுவிறுவென்று எழுந்து அந்தப் பெண்பிள்ளை இருந்த வகுப்புக்குப் போனேன். என் குழந்தை மனசை நோகடிக்க நீ யார் என்று நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று போனேன்.

என் வயசுதான் இருக்கும் அவளுக்கு. புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "நீதான் அந்தப் புள்ளையோட அம்மாவாக்கா?" என்றாள். "கோச்சிக்காதக்கா. சட்ட ஷோக்கா கீது. புள்ள மூஞ்சியப் பாத்து எனுக்கே மனசு கேக்கல. ஊட்ல இருந்தது அத்தினியும் போச்சு. டிவி, பாத்திரம், பசங்க புக்கு, எல்லாம். இந்த ஆளு ஒண்ணுதான் மிச்சம். பயமா கீதுக்கா."

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில் இப்படி இறந்தவர் சட்டை ஒன்று வந்திருந்தால் நான் வாசற்படி தாண்ட விட்டிருப்பேனா? கொடுக்க வந்தவரையும் சேர்த்துத் திட்டி அனுப்பியிருப்பேன். அவள்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, பொறாமைதான் வந்தது. சுடுகிற நெற்றி ஒன்று அவள் மடியில் இருந்தது.

திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே என் மகள் நிற்கிறாள். மூட்டையிலிருந்து வேறொரு சட்டையைத் தேடி எடுத்து வந்திருந்தாள். யாரோ கொடுத்த பழுப்புச் சட்டை. ஒவ்வொரு பட்டனாக இழுத்துப் பார்த்தாள். ரெண்டு கையாலும் நீட்டினாள். இந்த முறை எதுவும் பேசவில்லை. அந்தப் பெண்பிள்ளை சட்டையை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் மகள் கன்னத்தைத் தடவி, "நல்லா இருப்ப கண்ணு, நல்லா இருப்ப" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தோம். அவரைத் தொலைத்துவிடப் போகிறோமே என்று ஓடினவள், அவரைக் கூட்டிக்கொண்டு வருவதுபோல் உட்கார்ந்திருந்தேன். மகள் மடியிலிருந்து சட்டையை வாங்கினேன். இனிமேல் அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது, ரெண்டு பேருமே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தபடி அதை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

சோப்பு வாசனை.

தோள்பட்டையில் பார்த்தேன், அக்குளில் பார்த்தேன், காலரைப் பிரித்துப் பார்த்தேன். எங்கேயும் சோப்பு வாசனைதான். ஹாலில் ஃபேன் ஓடியதும் தரை ஈரமும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தொவைச்சியாடி?" என்றேன்.

"ஆமாம்மா. ரொம்ப அழுக்கா இருந்துச்சு, வேர்வை நாத்தம் வேற. அப்படியே குடுத்தா அப்பாவைத்தானே தப்பா நினைப்பாங்க? அதான் ரெண்டு தடவை சோப்பு போட்டேன். மழையில காயவே இல்லை, ஃபேன்ல போட்டு, அப்புறம் இஸ்திரி போட்டுக் காய வெச்சேன்." காலரைத் தூக்கிக் காட்டினாள். "இங்க பாரும்மா. பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். முதல்ல காலரைத்தான் பார்ப்பாங்கன்னு அப்பா சொல்வாருல்ல?"

எனக்கு ஓவென்று கத்தி அழணும்போல இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒருத்தி அந்தச் சட்டையை அவளிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. நானும் ஒன்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தக் குழந்தை எங்கே போகும்?

காலரைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நல்லா தொவைச்சிருக்க கண்ணு" என்றேன். "கொஞ்சம்கூட அழுக்கே இல்லை."