வாங்க என்று சொல்கிற வேலை

படம் ஆரம்பித்துவிட்டது. மாமா திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கச் சுவரோரம், ஒலிபெருக்கிக்குக் கீழே, கையைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களையே பார்க்கிறார். திரையில் பெயர்கள் வந்து போகின்றன. அந்த வெளிச்சத்தில் யார் வாயைப் பிளந்தார்கள், யார் செல்போனை நோண்டினார்கள், யார் இன்னும் இருக்கை எண்ணைத் தேடி அடுத்தவர் காலை மிதிக்கிறார்கள் என்று கவனிக்கிறார். இயக்குநர் பெயர் மறைந்ததும் வெளியே கிளம்பிவிடுவார். முதல் முறை டிக்கெட் கிழிப்பவர் பதறிப்போய், "என்ன சார், உடம்பு முடியலையா?" என்று கேட்டாராம். "எனக்குப் படம் முடிஞ்சிடுச்சுங்க" என்றாராம் மாமா.

மாமா என் அக்காவின் கணவர். சினிமாவுக்கு டைட்டில் செய்கிறவர். படம் தொடங்கும்போது வருகிற பெயர்கள் எந்த எழுத்தில், எந்த நிறத்தில், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு மேல் சினிமாவோடு அவருக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கதையை அக்காதான் வீட்டுக்கு வந்து, சாப்பாடு போட்டுக்கொண்டே சொல்வாள்.

"வாசல்ல நிக்கிறவங்கள வாங்கன்னு கூப்பிடறோமில்ல, அதான்டா டைட்டில்" என்பார் என்னிடம். "அந்த வாங்கலயே தெரிஞ்சிடணும், உள்ள விருந்தா, சண்டையான்னு." இதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஒருமுறை அந்த வாங்க பிசகிவிட்டது. "மூணு பசங்க பைக்ல ஊர் சுத்தறாங்க" என்று மட்டும் ஒரு இயக்குநர் சொல்லிவிட்டுப் போக, மாமா எழுத்துகளைத் தவளை மாதிரி குதிக்க விட்டார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த காட்சியிலேயே மூவரில் ஒருவன் செத்துப்போனான். சிரிப்பு நிற்கவில்லை. அவனுடைய அம்மா உடலைக் கட்டிக்கொண்டு கதறியபோது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அந்த இயக்குநர் இப்போதும் மாமாவைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுகிறார்.

மாமாவின் அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே பல்லைக் குடையும் சத்தம், மேலே மானேஜர்கள் மாமாவைக் குடையும் சத்தம். நாயகனின் மானேஜர் பையில் அடிஸ்கேலோடு வருவார். கணினித் திரையில் நாயகியின் பெயரை அளப்பார், பிறகு தன்னுடையவரின் பெயரை அளப்பார், பிறகு மாமாவை மேலும் கீழும் அளப்பார். தயாரிப்பாளரின் மைத்துனருக்கு எந்தப் படத்திலும் ஒரு இடம் உண்டு. அவர் என்ன வேலை பார்த்தார் என்று யாருக்கும் தெரியாததால், 'மேற்பார்வை' என்று போட்டுவிடுவது மாமாவின் வழக்கம். எல்லாருக்கும் தலையாட்டுவார். ஆட்டி ஆட்டியே அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது என்று அக்கா சொல்வாள்.

சென்ற வருடம் அவர் தலையாட்ட முடியாமல் மாட்டிக்கொண்டார். அது ஒரு கொலைப் படம். கொலைகாரனாக நடித்தவரைச் சினிமாக்காரர்கள் எல்லாரும் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்றே கூப்பிடுவார்கள். எந்தப் படத்திலும் அவருக்கு அந்த வேஷம்தான்: ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "என்ன சார் சத்தம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். பெயரும் அப்படித்தான், மூன்று வரிசைக் கூட்டத்தில் நடுவில் எங்கோ வந்து ஓடிவிடும். முதல் முறையாகப் பெரிய வேஷம் கிடைத்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மாமாவிடம் நேரில் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"எம் பொண்ணு ஒவ்வொரு படத்துலயும் தேடறா சார். அவ கண்டுபிடிக்கறதுக்குள்ள பேரு போயிடுது. ஒரே ஒரு தடவ தனியா நின்னாப் போதும். இதோட பழையபடி ஜன்னலுக்கே போயிடறேன்."

அவர் படியிறங்கிப் போன பிறகு இயக்குநர் வந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "யாருக்குமே தெரியாத ஆளு பேர ஆரம்பத்துல தனியா போட்டா, இவன்தான் கொன்னான்னு நாமளே தண்டோரா போட்ட மாதிரி ஆகாதா? படம் பாக்கறவன் என்ன மாங்காயா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். மாமா தூக்கம் இல்லாமல் யோசித்து, நடித்த எல்லாருக்கும் ஆளுக்கொரு தனி இடம் கொடுத்துப் பார்த்தார். கூட்டத்தோடு கூட்டமாகக் கொலைகாரனும் தப்பிவிடுவான் அல்லவா? தயாரிப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, "இது முடியறதுக்குள்ள இடைவேளையே வந்துடும்யா" என்றார்.

கடைசியில் வழி சொன்னவள் அக்காதான். குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, "முன்னாடி போட்டாத்தானே குட்டு உடையும்? அவன் மாட்டினப்புறம் கடைசில போடுங்களேன்" என்றாள்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுக்குக் கிளம்பறவன்கிட்ட யாராவது வாங்கன்னு சொல்லுவாங்களாடி?"

"போயிட்டு வாங்கன்னு சொல்ல மாட்டோமா?"

மாமா மறுநாளே வேலையைத் தொடங்கினார்.

படம் வெளியான அன்று பகல் காட்சிக்கு மூவரும் போனோம். நடு வரிசையில் பக்கத்து வீட்டுக்காரர் மனைவியோடும் மகளோடும் உட்கார்ந்திருந்தார். மாமா வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முழுப் படத்தைத் திரையைப் பார்த்து உட்கார்ந்து பார்த்தார். பழக்கமில்லாத வேலை. "இவன் யாரு? நல்லவனா? இவ ஏன் அழறா?" என்று அக்காவைப் பிய்த்து எடுத்துவிட்டார். முன் வரிசைக்காரர், "பெரியவரே, முதல்லேர்ந்து பாக்கலையா?" என்று திரும்பிக் கேட்டார்.

படம் நன்றாகவே போனது. பக்கத்து வீட்டுக்காரர்தான் கொலைகாரர் என்று தெரிந்தபோது கொட்டகையே "ஆ!" என்றது. கையில் விலங்கு மாட்டினார்கள். திரை இருண்டது.

அந்த இருட்டு மாமா வைத்தது. பெயர் வருவதற்கு முன்னால் மனசு கொஞ்சம் ஏங்கட்டும் என்று ஆசை ஆசையாக வைத்தது. எந்தப் படத்தின் முடிவையும் அதுவரை பார்த்தே இராதவர் வேறு எப்படி வைப்பார்? திரை இருண்டால் ஜனம் எழுந்துவிடும் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பட் பட்டென்று இருக்கைகள் மடங்கின. எல்லாரும் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். எழுந்த முதுகுகளுக்கு நடுவே பக்கத்து வீட்டுக்காரரின் மகள் எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கையைப் பார்த்தேன். மாமா இல்லை.

வாசலில் இருந்தார். கதவின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றார். முதலில் வந்தவர், "யோவ், வழிய விடுய்யா, பஸ் போயிடும்!" என்று கத்தினார். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். மாமாவின் கண்ணாடி ஒரு காதிலிருந்து கழன்று தொங்கியது. அந்தக் கூச்சலில் அவர் என்ன சொன்னாலும் எடுபடாது. கையை எடுத்தால் கூட்டம் போய்விடும்.

அதனால் மோவாயை உயர்த்தி, எல்லாருடைய தலைக்கும் மேலாக, திரையைக் காட்டினார்.