சாயங்காலச் சிவப்பு

வெலிச்காவின் கட்டைவிரல் நகம் சீசாவின் லேபிளைச் சுரண்டுகிறது. மிளகாய்த் தொக்கு இருந்த சீசா. இப்போது உள்ளே இருப்பது ஒரு குழந்தையின் சிறுநீர். ஆஸ்பத்திரியில் மூடி போட்ட பிளாஸ்டிக் கிண்ணம் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் துன்ஜா ஆற்றங்கரைத் தாய்மார்களுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. தொக்கு சீசாவைக் கொதிக்க வைத்துக் கழுவி, அதில்தான் கொண்டுவருவார்கள். லேபிள் உரிந்ததும் வெலிச்கா சீசாவை ஜன்னலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"என்ன இது, கட்டன் டீயா, செர்ரிச் சாறா?"

கேள்வி சீசாவுக்குத்தான். குழந்தைகளின் சிறுநீரக டாக்டர் அவர். குட்டை உருவம், ஆண்கள் போடும் தோல் செருப்பு, வெள்ளைக் கோட்டுப் பையில் எப்போதும் வறுத்த சூரியகாந்தி விதை. சிறுநீரில் ரத்தம் என்று வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கிருமியோ கல்லோதான். அதை மற்ற டாக்டர்களே பார்த்துவிடுவார்கள். யாருக்கும் பிடிபடாத மிச்சம் இவர் கதவைத் தட்டும்.

வருகிற பிள்ளைகளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்வார். முதுகுக்குப் பின்னால் நின்று பெயரைக் கிசுகிசுப்பார். திரும்பினால் கைநிறைய விதை. ஸ்பாஸ் என்ற பத்து வயதுப் பையன் ஒருமுறை திரும்பவில்லை. சிறுநீரில் ரத்தமும் காதில் மந்தமும் சேர்ந்தால் அது குடும்ப வழியில் வரும் நோய். பின்னால் சிறுநீரகத்தையே தின்றுவிடும். தலைநகர் சோபியாவின் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கிருந்து குடும்பம் ஸ்பெயினுக்குப் பிழைக்கப் போய்விட்டது. இன்றைக்கு ஸ்பாஸ் மீசை வைத்த ஆளாக இருப்பான். இருந்தால்.

"சரியாயிட்டா டாக்டர் ஞாபகம் வருமா? சரியாகலேன்னா வேற டாக்டர்கிட்ட போயிடுவாங்க. ரெண்டுலயும் எனக்குச் சேதி கிடையாது" என்பார்.

நர்ஸ் ஸ்டான்கா பள்ளிக்கூடத்துத் தோழி. சும்மா விடமாட்டாள். "வளர்ந்த பிள்ளைங்களை ரோட்டுல நிறுத்தி, ஒண்ணுக்கு என்ன நிறம்னு கேட்டுடேன்."

"கேட்டேன்டி. ஆள் வேற. பொண்டாட்டி முறைச்சா."

போன இலையுதிர் காலத்தில் இஸ்க்ரா வந்தாள். பதின்மூன்று வயது. கம்பளத்தில் ரிப்பன் சுழற்றி ஆடும் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண். ஒரே வருஷத்தில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். சதை மட்டும் பிடிக்கவில்லை. கோச் பிடிக்க விடவில்லை. பயிற்சி முடிந்து கழிப்பறைக்குப் போனால் சிவப்பு. ஆனால் பரிசோதனைக்குக் கொடுத்தபோதெல்லாம் சுத்தம்.

"பீட்ரூட்டைத் தின்னுட்டு நடிக்கிறா, போட்டிக்குப் பயம்னு கோச் சொன்னாங்க டாக்டரம்மா. நானும் நம்பிட்டேன்" என்றாள் தாய் வான்யா. "போன வாரம் சாயங்காலம் நானே கண்ணால பார்த்தேன். இப்ப சோபியாவுல இடுப்புல ஊசி போட்டு, சிறுநீரகத்துலேர்ந்து சதை எடுக்கணுமாம். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."

"பரிசோதனைக்கு எப்ப பிடிச்சுக் கொடுத்தீங்க?"

"காலையில, எழுந்ததும். அப்படித்தானே கேக்கறாங்க?"

"நானும் அப்படித்தான் கேப்பேன். ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்த ஒண்ணுக்கு சாதுவாத்தான் இருக்கும்." வெலிச்கா பெண்ணின் பக்கம் திரும்பினார். "ஆடாத நாள்ல சிவக்குமா?"

இஸ்க்ரா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆடாத நாள் எது?"

வெலிச்கா நீளமான கட்டுத்துணிச் சுருள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். "வராந்தாவுக்குப் போ. இதை வெச்சுக் குதி."

"இங்கயா?"

"ஏன், மேடை போட்டுத் தரணுமா?"

இஸ்க்ரா தயங்கித் துணியைச் சுழற்றினாள். இரண்டு சுற்றில் முதுகு நிமிர்ந்தது, கழுத்து நீண்டது, கால்விரல் கூர்ந்தது. காத்திருந்த தாய்மார்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூச்சிரைக்கக் கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்து சீசாவைக் கொடுத்தாள். ஜன்னலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடினார் வெலிச்கா. செர்ரிச் சாறு. வான்யா சிலுவை போட்டுக்கொண்டாள்.

நுண்ணோக்கியில் பார்த்தபோது ரத்த அணுக்கள் உருண்டையாக, முழுசாக இருந்தன. சிறுநீரகத்தின் சல்லடை கிழிந்திருந்தால் அணுக்கள் நசுங்கிச் சப்பிப்போய் வரும். அப்படியானால் சல்லடையில் குற்றமில்லை.

ஸ்கேன் கட்டிலில் ஏறப்போனவளைத் தடுத்தார். "படுக்காதே. நில்லு."

"முன்னே எல்லாரும் படுக்க வெச்சுத்தானே பார்த்தாங்க?" என்றாள் வான்யா.

"ரத்தம் வர்றப்ப படுத்தா இருந்தா?"

நிற்கிற பெண்ணின் முன்னால் வெலிச்கா மண்டியிட்டார். முட்டி சொடுக்கியது. கருவியை வயிற்றில் வைத்து, திரையையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழ முடியாமல் ஸ்டான்காவிடம் கையை நீட்டினார்.

"இடது சிறுநீரகத்துலேர்ந்து ரத்தம் திரும்பற குழாய், ரெண்டு பெரிய குழாய்க்கு நடுவுல போகுது. கதவிடுக்குல விரல் மாட்டின கதைதான். படுத்தா கதவு கொஞ்சம் விலகும். நின்னா, குதிச்சா நெரிக்கும். அடைச்ச ரத்தம் கசியாம என்ன செய்யும்? நடுவுல மெத்தை மாதிரி கொஞ்சம் கொழுப்பு இருக்கணும். இவளைப் பட்டினி போட்டு அதைக் கரைச்சாச்சு."

"அப்ப ஊசி?"

"வேண்டாம். சோபியாவுக்கு நான் பேசிக்கறேன்."

"மருந்து?"

"பனீட்சா. அடுக்கடுக்கா மாவு போட்டு, நல்லா பாலாடைக்கட்டி வெச்சு, வெண்ணெய் சொட்டச் சொட்ட. தினம் காலையில."

ஸ்டான்கா சிரித்தாள். வான்யா அழுதாள். இஸ்க்ரா இரண்டும் செய்யவில்லை.

"எப்ப ஆடலாம்?"

"சதை பிடிக்கட்டும். வசந்தத்துல வா, பார்க்கலாம்."

"அதுக்குள்ள என் இடத்துல வேற ஒருத்தி நிப்பா."

"நிப்பா."

"அப்புறம் என்னைச் சேர்த்துப்பாங்களா?"

"அது எனக்குத் தெரியாது பொண்ணே. நீ சாப்பிட்டா ரத்தம் பெரும்பாலும் நின்னுடும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

இஸ்க்ரா கட்டுத்துணியை நுனியிலிருந்து மடிப்பில்லாமல், ரிப்பனைச் சுருட்டுகிற மாதிரியே சுருட்டி மேசையில் வைத்தாள். கதவருகே போனவளிடம் வெலிச்கா, "சரியானாலும் வா" என்றார்.

"அந்தக் கொக்கு சாப்பிடாது" என்றாள் ஸ்டான்கா. "பட்டினி கிடந்தாவது நாளைக்கே கம்பளத்துல போய் நிக்கும், பாரு."

வெலிச்கா விதையைக் கொறித்தார்.

மறுநாள் காலை அவர் சுற்றுவழியில் வேலைக்குப் போனார். அந்தத் தெரு பேக்கரியில் ரொட்டி நன்றாயிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். பேக்கரிக்கு எதிரே விளையாட்டு அரங்கு. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கம்பளத்தில் பெண்கள் ரிப்பன் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரத்து பெஞ்சில், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் இஸ்க்ரா. அவள் இடத்தில் சிவப்பு ரிப்பனோடு வேறு ஒருத்தி. ரிப்பன் ஏறினால் இஸ்க்ராவின் முகமும் ஏறியது, இறங்கினால் இறங்கியது. மடியில் எண்ணெய் ஊறிய காகிதம்.

வெலிச்கா கண்ணாடிக்கு வெளியே நின்றார். நகரவில்லை.

இஸ்க்ரா திரும்பிப் பார்த்தாள். காகிதத்திலிருந்து பாதி கடித்த பனீட்சாவை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கம்பளத்தின் பக்கம் திரும்பி, அடுத்த வாய் கடித்தாள்.