ஃப்ளாஷ்பேக்காரரின் மனைவி

அச்சகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஃப்ளாஷ்பேக்காரர் என்றுதான் சொல்வார்கள். மாதம் ஒரு நாவல் எழுதுகிறவர். முதல் பக்கத்திலேயே ஒரு பிணத்தைக் கிடத்திவிட்டு, அடுத்த பக்கத்தில் அந்த ஆள் பள்ளிக்கூடம் போன காலத்துக்குப் போய்விடுவார். எப்படிச் செத்தான் என்று தெரியாமல் யாரும் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார்கள். சில நாவல்களில் இதையே திருப்பிப் போடுவார். சாகப்போகிறவனின் நல்ல நாட்களையெல்லாம் சாவகாசமாகச் சொல்லி, நமக்கு அவன்மேல் ஆசையை உண்டாக்கிவிட்டு, அப்புறம் போட்டுத் தள்ளுவார். பாவி மனுஷன், அதில் கைதேர்ந்தவர்.

எழுதியதை முதலில் மனைவிக்குத்தான் படித்துக் காட்டுவார். காய் நறுக்கியபடியே கேட்பாள். அவளிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. "இவன் சின்ன வயசுல மழையில நனைஞ்சத எதுக்கு இவ்ளோ இழுக்கறீங்க? கொல்லப்போறீங்களா?" என்பாள். அவர் முகம் தொங்கிப்போகும். அடுத்த அறையில் படிக்கிற மகன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அந்த மகனும் அவளும் போன பேருந்துதான் பாலத்தில் கவிழ்ந்தது. மகன் அங்கேயே போய்விட்டான். அவள் தலையில் கட்டோடு மருத்துவமனையில் கிடந்தாள். "இப்போதைக்குச் சொல்லாதீங்க, தாங்கமாட்டாங்க" என்றார் டாக்டர். அவர் மகனை அடக்கம் செய்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார்.

"அவன் எங்க?"

"கால்ல அடிம்மா. வேற வார்டுல இருக்கான். இப்ப எழுந்திருக்கக் கூடாதாம்."

மேற்கொண்டு கேட்டுவிடுவாளோ என்று அவசரமாகப் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். வாழ்நாளெல்லாம் பொய் எழுதிப் பிழைத்த மனிதருக்கு, இந்த ஒரு பொய்யை நீட்டத் தெரியவில்லை. தெரிந்த ஒரே வழியில் போனார். "அவன் சைக்கிள் பழகுனது ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுச் சுவரில் மோதியதையும், முட்டிக்காயத்தை அம்மாவிடம் மறைக்கக் கொளுத்தும் வெயிலில் முழுக்கால்சட்டை போட்டுத் திரிந்ததையும் சொன்னார். அவள் சிரித்தாள். தையல் இழுத்ததில் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

மறுநாளும் சொன்னார், அதற்கடுத்த நாளும் சொன்னார். சொல்லச் சொல்ல, மகன் நிஜமாகவே அடுத்த வார்டில் படுத்திருப்பதுபோல அவருக்கே தோன்றிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம் அவர் நிம்மதியாக இருந்தார். அதை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

விழுந்த பல்லை அவன் அப்பாவின் பேனா டப்பாவில் ஒளித்துவைத்த கதை பாதியில் இருந்தபோது, அவள் சிரிக்கவில்லை. மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"என்னங்க."

"சொல்லும்மா."

"எதுக்கு அவனப் பத்தி இவ்ளோ நல்லதா சொல்றீங்க?"

அவர் தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

"வீட்டுல இருந்தா நாள் முழுக்க அவனத் திட்டிக்கிட்டேதானே இருப்பீங்க. இப்ப ஒரு தடவ திட்டுங்க பாப்போம்."

"சோம்பேறிப்பய" என்று அவர் ஆரம்பித்தார். "லைட்ட அணைக்காம..."

அவள் கையை நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"போதும்ங்க" என்றாள். "எங்க வெச்சுட்டு வந்தீங்க அவன?"