மட்டக்குதிரையின் கண்மறைப்பு

வல்லிபுரம் யாரையும் நம்பி ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்தவரல்ல. கோப்பையை வெளிச்சத்துக்குப் பிடித்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் உதட்டில் வைப்பார். மனைவி சின்னத்தங்கம் ஊற்றிக் கொடுத்தாலும் அப்படித்தான். "நஞ்சு வைக்கிறதெண்டா கலியாணம் முடிச்ச கிழமையே வச்சிருப்பன்" என்பாள் அவள்.

மட்டக்குதிரையை வாங்கியதும் அந்தக் குணத்தால்தான். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் தயிர்ச்சட்டி ஏற்றும் வண்டிக்காரர் அவர். முதல் சோடி மாடுகளை இயக்கத்தார் வந்து கேட்டுக் கொண்டு போனார்கள். இரண்டாவது சோடி, ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்த நாளில் காணாமல் போனது. மூன்றாவது முறை, யாருக்கும் உதவாத பிராணியாகத் தேடினார். சண்டையில் நொடித்துப்போன சர்க்கஸ் ஒன்றின் குட்டைக்குதிரை பட்டணத்தில் ஒரு வளவில் நின்றது. அவருடைய இடுப்பளவு உயரம். மூட்டை சுமக்காது, ஆள் ஏற முடியாது, இறைச்சிக்கும் ஆகாது. சின்ன வண்டியில் இருபது சட்டியை மட்டும் இழுக்கும்.

ஒரு குறைதான். தன் பின்னால் உருளும் சக்கரத்தை அது கண்டுவிடக்கூடாது. கண்மறைப்பு வைத்துத் தைத்த சர்க்கஸ்காரனின் பழைய கடிவாளம் ஒருநாள் காதைத் தாண்டிக் கழன்று விழ, குதிரை திரும்பிப் பார்த்தது. வண்டியோடு வாவிக்குள் கழுத்தளவு தண்ணீருக்கு ஓடி நின்றது. அன்று தயிர்தான் போனது. அதே ஓட்டத்தைத் துறையடிச் சோதனைச்சாவடியில் ஓடினால் சுடுவார்கள். குதிரையை மட்டும் பார்த்துச் சுடவும் மாட்டார்கள்.

காத்தான்குடியில் செருப்பும் இடுப்புவாரும் தைக்கும் கச்சி முகம்மதுவிடம் போனார். குதிரையைக் கொண்டுபோகவில்லை. நாலு பேர் கண்ணில் படுவானேன்? வாயின் அகலத்தை ஓர் ஈர்க்கிலிலும் தலையின் சுற்றளவை ஒரு கயிற்றிலும் அளந்து மடியில் வைத்திருந்தார்.

கச்சி முகம்மது ஒரு பழைய கடிவாளத்தை எடுத்துப் போட்டார். "வெள்ளக்காரன்ட குதிரைக்குத் தச்சது. வெட்டிக் குறுக்கித் தரட்டா?"

வல்லிபுரம் ஈர்க்கிலை வாயிரும்பில் வைத்துப் பார்த்தார். இரும்பு நாலு விரல் கூடுதல் நீளம். "இது ரெண்டு பக்கமும் இழுபட்டு வாயைக் கிழிச்சிப் போடும்."

"கெட்டிக்காரன். அப்ப புதிசாத்தான் தைக்கணும். இரும்பு மெல்லிசா அடிப்பிக்கிறன். காதுக்குப் பின்னால ஒரு வார், தொண்டைக்குக் கீழ ஒரு வார். தலைய மரத்தில உரசினாலும் கழலாது. கண்மறைப்புக்கு ஒத்தத் தோல் போதும், காணும்."

'காணும்' என்ற சொல் வல்லிபுரத்துக்குப் பிடிக்கவில்லை. தோலை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான்.

"ரெண்டு தோல் வேணும் காக்கா. மொத்தமா, தடிப்பா."

"பாரம் கூடும் தம்பி. நடுவுல அட்டை வைக்காட்டித் தொங்கியும் போகும்."

"வைங்க."

"நான் சொல்லிட்டன்" என்று கச்சி முகம்மது பின்னால் குவிந்து கிடந்ததிலிருந்து ஓர் அட்டையை உருவினார். வல்லிபுரத்தின் கண் முழுவதும் நூலில் இருந்தது. மெழுகு பூசியதா, இற்றதா என்று பார்த்தார். தைத்து முடிந்ததும் ஒவ்வொரு வாரையும் பல்லால் கடித்து இழுத்தார்.

"வாறபோது குதிரையக் கூட்டி வந்திருந்தா அதுவே கடிச்சிப் பாத்திருக்கும்" என்றார் கச்சி முகம்மது.

பத்து நாள் குதிரை ஒழுங்காகப் போனது. பதினோராம் நாள், சட்டிகளோடு வாவியைக் கடக்கும் மிதவையில் வண்டியை ஏற்றினார். தயிர் வாங்கும் கடைக்காரர் இப்றாஹிமும் கூட வந்தார். கரையேறியதும் சாவடியில் புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் குதிரையின் கண்மறைப்பை விரலால் அமுக்கிப் பார்த்தான். மொத்தமாக இருந்தது.

"இது கழட்டு."

"வண்டிய அவிட்டுப்போட்டுக் கழட்டுறன் சேர்."

"ஏன்? முதல் இது கழட்டு!"

வல்லிபுரம் சட்டையைக் கழற்றிக் குதிரையின் முகத்தில் சுற்றினார். அதன் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கையால் கடிவாளத்தை உருவினார். துப்பாக்கி அவருடைய முதுகைத் தொட்டுக்கொண்டு நின்றது. குதிரை நடுங்கியது, ஓடவில்லை.

சிப்பாய் கத்தியால் தோலைக் கிழித்தான். உள்ளே அட்டை. அட்டையில் எழுத்து. சிப்பாய் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"உசனார் முப்பத்தெட்டு. இப்றாஹிம் நாப்பத்திரெண்டு. இது என்ன நம்பர்?"

வல்லிபுரத்துக்குத் தெரியவில்லை. கச்சி முகம்மது தன்னைப் பிடித்துக் கொடுக்கவே வைத்துத் தைத்திருக்கிறான் என்று மட்டும் தெரிந்தது.

"சேர்" என்று இப்றாஹிம் முன்னால் வந்தார். "அது என்ட இடுப்பு."

"இடுப்பு?"

இப்றாஹிம் சட்டையைத் தூக்கித் தன் பச்சை இடுப்புவாரைக் காட்டினார். "வார் தைக்கிற ஆள் அளவு எழுதுற அட்டை சேர்."

சிப்பாய் ஒரு அளவுநாடா கொண்டுவரச் சொன்னான். வயிற்றைச் சுற்றிப் பிடித்தான். "நாப்பத்தி நாலு."

"அது நோன்பு முடிஞ்ச கையோட அளந்தது சேர். மறுகா பெருத்திட்டன்."

சாவடியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிப்பாயும் சிரித்தான். ஆனாலும் கண்மறைப்புகளையும் அட்டையையும் திருப்பித் தரவில்லை.

வெயில் ஏறியது. தயிர் புளிக்கும். கண்மறைப்பில்லாத குதிரையைத் துப்பாக்கிகளுக்கு முன்னால் வண்டியில் பூட்டியபடி நடத்த வல்லிபுரத்துக்குத் துணிவு வரவில்லை. அதை அவிழ்த்து, முகத்துச் சட்டையை எடுத்துவிட்டு, வண்டியின் பின்னால் கட்டினார். தானே வண்டியின் ஏர்க்கால்களைப் பிடித்து இழுத்தார். குதிரை தன் முன்னால் உருண்ட சக்கரத்தைப் பார்த்தபடியே சாதுவாகப் பின்னால் நடந்தது.

"தள்ளட்டா வல்லிபுரம்?" என்று இப்றாஹிம் வண்டியின் பின்புறம் கை வைத்தார்.

"வேணாம்."

எதற்காகத் தள்ள வருகிறார்? சாவடியில் கேட்காமலே ஏன் முன்னால் வந்தார்? வல்லிபுரம் பத்தடிக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பி அவருடைய கைகளைப் பார்த்தார்.

"முன்னால பாருங்க, பள்ளம் கிடக்கு!"

என்னை எதிலிருந்து திருப்பப் பார்க்கிறார் என்று வல்லிபுரம் இன்னும் கூர்ந்து பார்த்தார். சக்கரம் இறங்கி முதல் சட்டி உடைந்த சத்தம் கேட்டபோதும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது இப்றாஹிமின் கைகளைத்தான்.